எல்லாரும் செல்விக்காவைப் பாருங்க

நவ. 3, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். யோகா வகுப்புக்கு ஏறும் மாடிப்படியெல்லாம் ஈரம். கீழே மாவு மில், மேலே நாங்கள். இன்றைக்கு யாரோ மிளகாய் வற்றல் அரைக்கக் கொடுத்திருந்தார்கள். மூச்சுப் பயிற்சி முழுக்கத் தும்மல்.

இந்த நோட்டு, வகுப்பு எடுக்கும் ரேவதி மேடம் உத்தரவு. சவாசனம் முடிந்து எழுந்ததும் யாரோடும் பேசாமல் உட்கார்ந்து எழுத வேண்டுமாம். "என்ன தோணுதோ அத எழுதுங்க. ஒடம்புல எங்க தோணுதுன்னும் எழுதுங்க. நான் வாங்கிப் பாக்க மாட்டேன். திருத்தவும் மாட்டேன்." அப்புறம் எதற்கு எழுதுவது? கேட்கவில்லை. எல்லாரும் குனிந்து எழுத ஆரம்பித்துவிட்டார்கள். நானும்.

என்னைப் பற்றி: சிம்மக்கல்லில் பம்ப்செட் உதிரிபாகக் கடையில் மேனேஜர். விளாங்குடியில் வீடு. பி.பி. "மாத்திரை மட்டும் பத்தாது, டென்ஷனைக் குறைக்கணும், யோகாவுக்குப் போங்க" என்று டாக்டர் சொன்னது எனக்கு. ஆக இந்த வகுப்பு எனக்காக. என் மனைவி செல்வி துணைக்கு வந்தவள். எழுதி வைக்கிறேன், ஏனென்றால் வகுப்பில் யாருக்கும் இது ஞாபகம் இருப்பதாகத் தெரியவில்லை.

காலை நீட்டிக் குனியும் ஆசனம். என் கை முழங்காலைத் தாண்டவில்லை. செல்வி கால் கட்டைவிரலைப் பிடித்து, நெற்றியை முட்டியில் வைத்து, தலையணையில் சாய்ந்த மாதிரி கிடந்தாள்.

"எல்லாரும் செல்விக்காவப் பாருங்க," என்றார் மேடம்.

பார்த்தேன்.

உடம்பில் எங்கே: பின் தொடை. இரண்டு பக்கமும்.

நவ. 5, புதன்

மழை இல்லை. புழுக்கம். வாங்க வேண்டியது: பி.பி. மாத்திரை, முருங்கைக்கீரை, செல்விக்குத் தையல் மிஷின் பெல்ட், கொசுவத்தி.

பக்கத்துக் கடை அழகரிடம் புலம்பினேன். பள்ளிக்கூடத்திலிருந்து கூட இருப்பவன். "அம்புட்டு எரிச்சலா இருந்தா நீ மட்டும் போயிட்டு வர வேண்டியதுதான மாப்ள. தங்கச்சிய எதுக்கு இழுத்துக்கிட்டு அலையிற?" என்றான்.

அவனுக்கும் காரணம் தெரியும், மறந்துவிட்டான். செல்வியின் தங்கை கவிதா திண்டுக்கல் ரோட்டில் லாரியில் அடிபட்டு இறந்தாள். எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது. செல்வி இந்தப் பக்கம் நின்று கை அசைத்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவள் தனியாக ரோட்டைத் தாண்டியதில்லை. பஸ்ஸில் தனியாக ஏறியதில்லை. கடைக்கோ கோயிலுக்கோ, நான் வர வேண்டும், என் வலது கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ரோட்டுக்கு நடுவில் அவள் நகம் என் உள்ளங்கையில் பதியும். வருஷக்கணக்காக அப்படித்தான். ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை நான். இதையும் எழுதி வைக்கிறேன்.

நவ. 8, சனி

ஒற்றைக் காலில் நிற்கும் ஆசனம். விழுந்தேன். பக்கத்துப் பாயில் இருந்த ரிட்டயர்ட் தாசில்தார் மேல். அவர் எழுந்து தன் பாயை ஓரடி நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

செல்வி நின்றாள். கண்ணை மூடச் சொன்னார்கள், மூடியும் நின்றாள். ஜன்னல் வெளிச்சம் அவள் மேல் மட்டும் விழுந்த மாதிரி இருந்தது. எல்லார் மேலும்தான் விழுந்திருக்கும்.

எழுதும் நேரம். நான் நாலு வரியில் முடித்துவிட்டுப் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தேன். அவள் பக்கத்தைத் திருப்பி எழுதுகிறாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். இம்புட்டு எழுத இவளிடம் என்ன இருக்கிறது?

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன்.

"என்னத்த எழுதுற?"

"மனசுல வந்தத."

"அதுல நான் வாரேனா?"

சிரித்தாள். "எல்லா எடத்துலயும் நீங்கதான் வரணுமாக்கும்?"

அவள் நோட்டு ஃப்ரிட்ஜ் மேல் கிடக்கிறது. மூடி வைப்பதுகூட இல்லை. நான் தொட மாட்டேன். நல்லவன் என்பதால் இல்லை. திறந்து பார்த்து, நான் இல்லாமல் போனால்?

நவ. 10, திங்கள்

கடையில் ஆடிட்டர் வருகை. சாப்பாடு மூன்று மணிக்கு மேல். தலைவலி.

சாயங்காலம் மகள் நிலா வீடியோ காலில். கோவையில் ஹாஸ்டல். போனை எடுத்ததும், "அம்மா, என்னம்மா மொகமே மாறிருச்சு? பளபளன்னு இருக்க!" அரை மணி நேரம் அம்மாவும் மகளும் மூச்சுப் பயிற்சிப் பேச்சு. எந்த மூக்கால் இழுப்பது, எந்த மூக்கால் விடுவது. கடைசியில், "அப்பா எப்டி இருக்கீக?" என்றாள். இருக்கிறேன் என்றேன்.

கண்ணாடியில் பார்த்தேன். முகம் அப்படியேதான் இருக்கிறது.

பி.பி. பார்த்தேன். போன மாதத்தைவிடக் கூட. டென்ஷன் குறைய யோகாவுக்குப் போய் டென்ஷன் கூடிய ஆள் மதுரையில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

செல்வி இப்போதெல்லாம் படுத்ததும் தூங்கிவிடுகிறாள். முன்பெல்லாம் தூக்கம் வராமல் எழுந்து உட்காருவாள், நான் வெந்நீர் வைத்துக் கொடுப்பேன், முதுகைத் தடவிவிடுவேன். அந்த வெந்நீர்ச் செம்பு இப்போது பரணில்.

நவ. 12, புதன்

இன்று நடந்தது.

வகுப்பு முடிந்து வந்துகொண்டிருந்தோம். நான் பால் பாக்கெட் வாங்கப் பெட்டிக்கடையில் நின்றேன். சில்லறை இல்லை, கடைக்காரர் உள்ளே போய்த் தேடினார். திரும்பினால் செல்வியைக் காணோம். ரோட்டின் இரண்டு பக்கமும் பார்க்கிறேன். ஒரு தண்ணீர் லாரி போனது. அது போனதும் எதிர்ப் பக்கம், பேருந்து நிழற்குடைக்குக் கீழே அவள். தோளில் பாய், கையில் பை. என்னைப் பார்த்துக் கையை ஆட்டுகிறாள்.

ஓடினேன். ஒரு ஆட்டோக்காரர் திட்டினார்.

"சொல்லிட்டுப் போக மாட்டியா நீயி?" ரோட்டில் நின்று கத்தினேன்.

"ரோடு காலியா இருந்துச்சு. நின்னேன், மூச்ச இழுத்து விட்டேன், ரெண்டு பக்கமும் பாத்தேன், வந்துட்டேன்." அவளுக்கே நம்ப முடியாத முகம். கண்ணில் தண்ணீர். "வந்துட்டேங்க!"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று தெரியும். அதைச் சொல்லவில்லை. "பால் பாக்கெட்ட வாங்கு, கை வலிக்குது," என்றேன்.

உடம்பில் எங்கே: வலது உள்ளங்கை.

நவ. 14, வெள்ளி

மேடம் இன்று சொன்னது: வருகிற உணர்ச்சிக்குச் சரியான பெயர் வையுங்கள். பெயர் வைத்தால் பாதி அடங்கிவிடுமாம்.

எரிச்சல் என்று எழுதினேன். இல்லை. அசதி. இல்லை. கவலை என்று எழுதி, அவளை நினைத்துக் கவலை என்று நீட்டினேன். அழகான கையெழுத்தில் பச்சைப் பொய்.

பொறாமை.

எழுதியாயிற்று. பாதியெல்லாம் அடங்கவில்லை. பெயர் தெரிந்ததும் அது சட்டமாகக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டது.

யார் மேல் என்றுதான் புரியவில்லை. அவள் உடம்பு வளைவதன் மேலா? மேடம் மேலா? நான் இத்தனை வருஷம் கையைப் பிடித்துப் பிடித்து ஆகாத காரியத்தை அந்த அம்மாள் ஒரு மழைக்காலத்தில் செய்துவிட்டார் என்பதா?

அழகரிடம் யாருக்கோ நடந்த மாதிரிச் சொல்லிப் பார்த்தேன். டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"பொண்டாட்டி நல்லாருந்தா ஒனக்கு எங்கிட்டு மாப்ள நோகுது?"

"நான் இல்லடா, அந்த ஆளு."

"சரி, அந்த ஆளுக்கு எங்கிட்டு நோகுதாம்?"

இரண்டு டீக்கும் காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

நவ. 17, திங்கள்

கார்த்திகை முதல் நாள். கடைப் பையன்கள் இருவர் மாலை போட்டிருக்கிறார்கள். கடை முழுக்க "சாமி, அந்த ஸ்பேனர எடுங்க சாமி."

மதியம் ரேவதி மேடம் போன். வகுப்பில் சேர்ந்தபோது இரண்டு பேருக்கும் என் நம்பரைத்தான் கொடுத்தேன்.

"அண்ணே, சோழவந்தான்ல சனிக்கெழம காலைல ஒரு கிளாஸ் ஆரம்பிக்கிறோம். கொடிக்கால்ல வெத்தல கிள்ளப் போறவுகதான் வருவாக. எல்லாருக்கும் இடுப்பு வலி, கழுத்து வலி. என்னால வாராவாரம் போக முடியாது. செல்விக்காவ எடுக்கச் சொல்லலாம்னு பாக்குறேன். அவுக சொன்னா எல்லாருக்கும் புரியும்."

யோசிக்கவே இல்லை நான். வாய் தானாகப் பேசியது.

"அவளுக்கு ஒத்துவராது மேடம். தங்கச்சி போனதுலருந்து ரோட்டப் பாத்தாலே நடுங்குவா. பஸ்ல தனியா அனுப்ப முடியாது. நீங்க கேட்டா, மாட்டேன்னு சொல்லக் கூச்சப்பட்டு ஒத்துக்கிருவா. அப்புறம் கெடந்து கஷ்டப்படுவா. அவகிட்டக் கேக்காதீக."

மேடத்தின் குரல் இறங்கிவிட்டது. "ஐயோ, எனக்குத் தெரியாதுண்ணே. நல்லவேள சொன்னீங்க." பிறகு, "அக்கா குடுத்து வச்சவுக," என்றார்.

போனை வைத்த பிறகு மூன்று பில்லில் தப்பு.

நான் சொன்னது எதுவும் பொய் இல்லை. போன வாரம் புதன்கிழமை வரைக்கும் உண்மை.

நவ. 18, செவ்வாய்

வகுப்புக்குப் போகவில்லை. முதுகு பிடித்துவிட்டது என்றேன். செல்வி நின்று பார்த்தாள். "தைலம் தேச்சு விடவா?" வேண்டாம் என்றேன். "அப்ப நான் போயிட்டு வாரேன்," என்று பாயை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

தனியாக.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருமுனையில் நாய் ஒன்று குறுக்கே வந்தது. அதற்கு வழிவிட்டு நின்று, போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

நவ. 20, வியாழன்

தெரிந்துவிட்டது.

வகுப்பு முடிந்து நான் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். மேடம் செல்வியின் தோளில் கை வைத்து, மெல்லத்தான் சொன்னார், ஆனாலும் காதில் விழுந்தது. "ஒங்களுக்கு ரோடுன்னா பயம்னு தெரியாமப் போச்சுக்கா. ஒண்ணும் கவலப்படாதீங்க, சோழவந்தானுக்கு வேற ஆளப் பாத்துக்கிறேன்."

செல்வி, "சோழவந்தானா?" என்றாள். மேடம் என்னைப் பார்த்தார். செல்வியும் என்னைப் பார்த்தாள். நான் சுருட்டிய பாயை விரித்து மறுபடி சுருட்டினேன்.

வழியில் அவள் இரண்டடி முன்னால் நடந்தாள். ரோடு வந்ததும் பழக்கத்தில் கையை நீட்டினேன். பிடிக்கவில்லை. தாண்டினாள்.

வீட்டுக்குள் வந்து, கதவைச் சாத்தி, பாயை மூலையில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"மேடம்கிட்ட என்ன சொன்னீங்க?"

"ஒனக்காகத்தான் சொன்னேன். அம்புட்டுத் தூரம், பஸ்ஸுல…"

"கவிதா செத்தத சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அதச் சொல்லியா?" துப்பட்டாவைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை, அதுதான் தாங்கவில்லை. "நான் நல்லானது ஒங்களுக்குப் பிடிக்கலையா?"

பிடிக்கும் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாய் வரவில்லை. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. அவள் அடுக்களைக்குப் போய் அரிசி களைந்தாள்.

நவ. 21, வெள்ளி

பேச்சு இல்லை. சாப்பாடு உண்டு. ரசத்தில் உப்பு சரியாகவே இருந்தது. கூடப் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் தன் போனில் மேடத்திடம் பேசுவது கேட்டது. "என் நம்பர எழுதிக்கங்க மேடம். இனிமே எதுன்னாலும் எனக்கே போடுங்க. … ஆமா, பயம் இருக்கு. பயந்துக்கிட்டே வாரேன். … இல்ல, அவுக சொன்னாகன்னு நீங்க ஒண்ணும் நெனைக்காதீங்க."

கடைசி வாக்கியத்தில் எனக்காகப் பரிந்து பேசினாளா, என்னைத் தள்ளி வைத்தாளா? சாயங்காலம் வரை இதே யோசனை. ஒரு மோட்டாருக்கு வேறு அளவு பேரிங் கொடுத்து அனுப்பிவிட்டேன். முதலாளி சத்தம் போட்டார்.

நவ. 22, சனி

வெயில். இத்தனை நாள் மழைக்குப் பிறகு சுள்ளென்று.

வெள்ளனவே குளித்துக் கிளம்பிவிட்டாள். பச்சைச் சுடிதார், துப்பட்டாவை இடுப்பில் முடிந்திருந்தாள்.

"பஸ் ஸ்டாப் வரைக்கும் வரவா?"

"வேணாம்."

கடையைச் சீக்கிரமே திறந்து உட்கார்ந்து, மனசுக்குள் அவள் பஸ்ஸோடு போனேன். இப்போது பரவை. இப்போது சமயநல்லூர் பாலம். பஸ்ஸில் கூட்டம் இருக்குமே. இறங்கி எந்தப் பக்கம் என்று தெரியுமா? போன் அடிக்கும், "என்னங்க, வந்து கூட்டிட்டுப் போங்க" என்று அழுவாள். போனைக் கல்லா மேல் எதிரிலேயே வைத்திருந்தேன்.

அடிக்க வேண்டும் என்று நினைத்தேன். எழுதத்தானே சொன்னார்கள். எழுதுகிறேன். அவள் பயந்துபோய்ப் போன் அடிக்க வேண்டும் என்று நினைத்தேன்.

அடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் தொண்டை கட்டிப்போய் நிலாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக் கழற்றும் சாக்கில் வாசலிலேயே நின்று கேட்டேன்.

"…முன்னாடி ஒரு வயசான ஆத்தா. குனிங்கன்னு சொன்னா, 'காலைலருந்து சாயங்காலம் வரைக்கும் குனிஞ்சுதான கெடக்கோம், நிமிரச் சொல்லிக் குடு தாயி'ங்குது. எனக்குப் பொசுக்குன்னு ஆயிருச்சு. மேடம் எழுதிக் குடுத்தது எல்லாமே குனியிறதுதான். அம்புட்டையும் விட்டுட்டேன். நிமிர்றது, பின்னாடி வளையிறது, கைய மேல தூக்குறது, இதத்தான் சொல்லிக் குடுத்தேன். போகும்போது என் மடில வெத்தலையக் கொட்டிட்டுப் போறாக…"

வெற்றிலை சாப்பாட்டு மேஜையில் ஈரத்துணியில் சுற்றி இருந்தது. எனக்கு எதுவும் சொல்லவில்லை அவள். மகளுக்குச் சொன்னாள்.

நல்ல யோசனைதான், அந்த நிமிர்கிற யோசனை. எனக்குத் தோன்றியிருக்காது.

உடம்பில் எங்கே: தொண்டை. அவளுக்குக் கட்டியதும் அங்கேதான்.

நவ. 25, செவ்வாய்

இதோடு நாலு நாள் தேவைக்கு மட்டும் பேச்சு. இன்று கடைக்கு லீவு சொன்னேன். முதுகு என்று சொல்லவில்லை, சொந்த வேலை என்றேன்.

அவள் பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தாள். மிஷின் சத்தத்தில் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன். சரியாக அப்போது நிறுத்திவிட்டாள்.

"பொறாமையா இருந்துச்சு," என்றேன். "அதான் அப்டிச் சொன்னேன்."

"யாரு மேல?"

"ஒம்மேலதான்."

நம்பவில்லை. என் முகத்தையே பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். "ஆத்தி! எம்மேலயா? எம்மேல பொறாமப்படவும் ஒரு ஆளா?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பாலா என்று தெரியவில்லை.

நானும் சிரித்தேன். முடிந்தது என்று நினைத்தேன்.

"சிரிச்சேங்கிறதுக்காக நீங்க செஞ்சது சரின்னு ஆயிராது," என்றாள். குரல் மாறிவிட்டது. "நான் ரோட்டத் தாண்டுனப்ப ஒங்களப் பாத்துத்தான் கைய ஆட்டுனேன். வேற யாருகிட்டக் காட்டுவேன்? நீங்க பால் பாக்கெட்ட நீட்டுனீங்க."

"தெரியும்."

"கவிதாவ இனிமே எதுக்கும் இழுக்கக் கூடாது."

"இழுக்க மாட்டேன்."

"எங்கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனது எல்லாம் எனக்கு மறக்கல. அதுக்காக நான் நடுங்கிக்கிட்டே இருக்கணுமா?"

இல்லை என்று சொன்னேன். இந்தத் தடவை வாய் வந்தது.

மிஷினை மறுபடி ஓட்டினாள். நான் வெங்காயம் உரித்தேன். மன்னித்துவிட்டாளா என்று கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பாள் என்று தோன்றியது, அது நியாயம்தான்.

பொறாமை இருக்கிறதா? இருக்கிறது. இன்று காலை வகுப்பில்கூட. மேடம் அவளை முன்னால் கூப்பிட்டு மூச்சுப் பயிற்சி நடத்தச் சொன்னார். நெஞ்சுக்கூட்டுக்குள் எலி பிறாண்டின மாதிரி. ஆனால் வாயைத் திறக்கவில்லை, காலைத் தட்டவில்லை, இருமவில்லை. எலியோடு உட்கார்ந்திருந்தேன்.

நவ. 27, வியாழன்

தூறல். காஸ் சிலிண்டர் வந்தது. பி.பி. பார்க்கவில்லை, பயம்.

சாப்பிடும்போது கேட்டேன். "சனிக்கெழம நானும் வரட்டுமா?"

"எதுக்கு? வேவு பாக்கவா?"

"கத்துக்கிறதுக்கு."

குழம்பு ஊற்றினாள். யோசித்தாள். "வாரதுன்னா வாங்க. ஆனா பஸ்ஸுல எங்கூடப் பேசக் கூடாது. என்ன சொல்லிக் குடுக்கணும்னு யோசிச்சுக்கிட்டே போவேன். கையப் புடிக்கவும் கூடாது."

"சரி."

"அங்க வந்து மேனேஜர் வேல பாக்கக் கூடாது."

"சரின்னுட்டேன்ல."

நவ. 29, சனி

சோழவந்தான் போய் வந்தோம்.

பஸ்ஸில் அவள் முன்னால் ஜன்னல் ஓரம், நான் பின்னால் நின்றுகொண்டு. லாரி ஏதாவது ஒட்டி வரும்போதெல்லாம் அவள் கை முன் கம்பியைப் பிடிக்கும், தோள் ஏறி இறங்கும், பிறகு கை விடும். ஆக பயம் போகவில்லை. இதை நான் இத்தனை நாள் பார்க்கவில்லை. அவளுக்கு எல்லாம் சுலபமாக வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வைகையில் தண்ணீர் ஓடியது. பார்த்தாளா என்று தெரியவில்லை. நான் பேசவில்லை.

ஊருக்குள் ஒரு சின்ன மண்டபம். கொடிக்காலுக்குப் போகும் முன் வந்த பெண்கள், ஆண்கள் சிலர். விரல் நுனியெல்லாம் கறுத்துப்போய். பாய் இல்லாதவர்கள் சாக்கு விரித்திருந்தார்கள். செல்வி உள்ளே நுழைந்ததும், "டீச்சர் வந்துருச்சு" என்று ஒரு குரல். திரும்பிப் பார்த்தேன். யாரைச் சொல்கிறார்கள் என்று ஒரு நொடி விளங்கவில்லை.

நான் முன் வரிசையில் போய் நின்றேன். அவளுக்கு நேர் எதிரில். அவள் என்னைப் பார்ப்பாள், ஒரு சிரிப்பாவது என்று.

"மூச்ச இழுத்துக்கிட்டே ரெண்டு கையவும் தூக்குங்க. இன்னும் மேல. எட்டாத வெத்தலையப் பறிக்கிற மாதிரி."

தூக்கினோம். மண்டபம் முழுக்க முதுகு நெட்டி முறியும் சத்தம், முனகல், சிரிப்பு. என் தோளும் சொடக்கியது. சுகமாகத்தான் இருந்தது. இவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறாளே என்று வயிறு எரிந்தது. இரண்டும் ஒரே மூச்சில்.

கண்ணை எடுக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். என்னிடம் வந்ததும் நின்றாள்.

"நீலச் சட்ட, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பின்னாடி ஆத்தாவுக்கு மறைக்குது."

பின்னால் இருந்த கிழவி, "யாரு தாயி இது, புதுசா?" என்றது.

"எங்க வீட்டுக்காரருதான். இப்பத்தான் கத்துக்கிறதுக்கு வந்துருக்காரு."

எல்லாரும் சிரித்தார்கள். தள்ளி நின்றேன்.

"இன்னும்," என்றாள் செல்வி.

சுவர் வரைக்கும் போனேன்.